ஆய்வுத் திட்டம் முடிவான பிறகு ஊரைக் கூப்பிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் சுகர் எட்டிப் பார்க்காத தமிழ் வீடு அபூர்வம். பல்கலைக்கழகச் செவிலியர்கள் ஆய்வுக்காக நம் மக்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. வரும் நேரம்தான் தப்பு. கேள்வி, படிவம், நிதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகு, கோயில் மண்டபத்தில் டீ, சமோசாவோடு "சமூகப் பங்கேற்பு" நடக்கும். அப்போது யார் நல்ல யோசனை சொன்னாலும் நன்றி சொல்லலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

உணவுப் படிவத்தையே பாருங்கள். "வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி?" என்று புரட்டாசியில் கேட்டால் வீடு வீடாகப் பூஜ்யம்தான் வரும். மாதம் முடிந்ததும் மட்டன் கறி அடுப்பேறிவிடும். "ஒரு வேளைக்கு எத்தனை துண்டு ரொட்டி?" என்று இன்னொரு கேள்வி. கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌவை எத்தனை துண்டு என்று எழுதுவது? வரைவிலேயே நாலு நோயாளிகளிடம் காட்டியிருந்தால் இரண்டையும் அங்கேயே திருத்தியிருப்பார்கள்.

அடுத்தது, மாத்திரை கொடுக்கும் சிஸ்டரே ஒப்புதல் படிவத்தையும் நீட்டுவது. "சேர மாட்டேன் என்றால் அடுத்த மாத மருந்துக்கு இழுத்தடிப்பார்களோ" என்ற பயத்தில் பாட்டி கையெழுத்துப் போட்டுவிடுவார். சட்டப்படி அவர் மறுக்கலாம், ஆனால் சீருடைக்கு முன்னால் அது நினைவுக்கு வராது. சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர், வேறு அறையில், வேறு நாளில் கேட்கட்டும். கோயில் தலைவர் சரி என்றால் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். மருமகள்களும் வாடகைக்கு இருப்பவர்களும் அந்தக் கமிட்டியில் இல்லை.

பணம் பற்றிப் பேசக் கூச்சம் வேண்டாம். செலவழித்த நேரம், பட்ட சிரமம், டாக்ஸிச் செலவு மூன்றையும் கணக்கிட்டுக் கொடுப்பது தென்னாப்பிரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். சமோசா அதற்கு ஈடாகாது.

எனக்கு ரொம்பவும் உறுத்துவது, தகவலை வாங்கிக்கொண்டு காணாமல் போவது. இந்நாட்டின் பழங்குடிகளான சான் மக்கள் இப்படிப்பட்ட அனுபவங்களால் சலித்து, 2017-ல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை வகுத்தார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை எல்லாம் அதில் நிபந்தனைகள். நம்மவர்கள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆய்விதழில் கட்டுரை வரும்வரை காத்திருக்காமல், மருந்துக்கு வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் கிளினிக்கிலேயே முடிவுகளைச் சொல்லுங்கள். பெரியவர்கள் சிலருக்குத் தமிழிலும், மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும், பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஜூலுவிலும் சொல்ல ஆள் வேண்டும். அதற்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே போட்டுவிடுங்கள்.