ஒரே நிருபம், ஒரு மாதம்

வேதாகமத்தை ஒரு வருட அட்டவணைப்படி வாசிக்க நினைத்து, ஜனவரியில் ஆதியாகமத்தைத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். 1,189 அதிகாரங்களையும் ஒரே வருடத்தில் முடிக்கிறவர்களுக்கும் வாசித்ததில் எவ்வளவு தங்குகிறது என்பது வேறு விஷயம். (அந்த அட்டவணையே வேண்டாம் என்று சொல்லவில்லை.)

ஒரு சின்ன நிருபத்தை (வேதாகமத்தில் உள்ள கடிதங்களில் ஒன்றை) எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருந்து பாருங்கள். பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய பிலிப்பியர் நல்ல தொடக்கம்: 4 அதிகாரம், 104 வசனம், ஒரே உட்காரலில் வாசித்துவிடலாம். முதல் வாரம் தினமும் முழுவதும் வாசியுங்கள். அப்புறம் ஒவ்வொரு அதிகாரமாக, நிதானமாக. புரியாததை நோட்டில் கேள்வியாக எழுதுங்கள். உடனே யூடியூபுக்கு ஓட வேண்டாம். பாதிக் கேள்விகளுக்கு அந்த நிருபமே பதில் சொல்லிவிடும்.

நடுவில் ஒருநாள் அப்போஸ்தலர் 16-ஐப் படியுங்கள். இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்ற லீதியாள், பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன் என்று அந்தச் சபையின் ஆரம்பகால ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

இப்போது பிலிப்பியர் 4:13-க்கு வாருங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை வாக்குத்தத்த அட்டையில் பார்த்து, பரீட்சைக்கும் வேலைக்குமான வசனம் என்றே பழகியிருப்போம். முந்தின இரண்டு வசனங்களோடு வாசித்தால், காவலில் இருக்கும் பவுல் பட்டினியையும் நிறைவையும் பற்றிப் பேசுவது தெரியும். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடு இருக்க, கற்றுக்கொண்டதாகத்தான் அவரே எழுதுகிறார்.

அடுத்த மாதம் யாக்கோபு, 5 அதிகாரம். ரோமர் நிருபத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.