பழைய வாள்களுக்கு நடுவே எந்த நவீனக் கத்தி?

வாளும் குறுவாளுமாக இருக்கும் சேகரிப்பில் இந்தக் காலத்துக் கத்தியைச் சேர்க்கும்போது அழகைப் பார்த்து மயங்காதீர்கள். இது வந்த பிறகு மற்றவர்கள் கத்தி செய்யும் விதம் மாறியதா என்று மட்டும் கேளுங்கள். ‘லிமிடெட் எடிஷன்’ சமாச்சாரமெல்லாம் அந்தக் கேள்வியிலேயே பெரும்பாலும் கழன்றுவிடும்.

என் தேர்வில் முதலிடம் 1964இல் வந்த, அமெரிக்க பக் கம்பெனியின் மடக்குக் கத்தியான பக் 110க்குத்தான். விரித்த அலகை முதுகுப் பக்கப் பூட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். மடக்குக் கத்தியையும் நம்பி வேட்டைக்கு எடுத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்து, 1981இல் வந்த, ஸ்பைடர்கோ கம்பெனியின் ‘வொர்க்கர்’ மடக்குக் கத்தி. அலகில் வட்டத் துளை, பிடியில் கிளிப். ஒற்றைக் கையால் திறந்து, கால்சட்டைப் பை ஓரத்தில் மாட்டிக்கொள்ளலாம். இன்று எல்லாக் கம்பெனியும் செய்வது இதைத்தானே! காசு குறைவு என்றால் மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஓபினெல் வாங்குங்கள்: 1890இல் பிறந்த வடிவம், 1955இல் சேர்ந்த வளையப் பூட்டு.

வாங்குமுன் அலகின் அடிப்பகுதி முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக் கத்திகளில் 1986 முதல் ஆண்டுக்கொரு குறி உண்டு. விற்பவர் சொல்லும் வருடத்தோடு அது ஒத்துப்போகவில்லையா, பேரம் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். தீட்டித் தீட்டி ஒல்லியான அலகும் வேண்டாம்.

அப்புறம், தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். தோலில் தங்கும் ஈரமும் பதனிட்ட ரசாயனமும் பக் 110 போன்றவற்றின் பிடியில் உள்ள பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். களிம்பை மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் போதும். பாலிஷ் போட்டு மினுக்கினால் முத்திரையும் சேர்ந்து மழுங்கும்.