குமரி மாவட்டத்திலிருந்து, நீங்கள் மதிக்கும் தலைவரைச் சந்திக்கப் போகும்போது

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கும் ஒரு பெண் தலைவரைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் போன் இருக்கும். ஆளுக்குப் பத்து நொடி, ஒரு படம், அடுத்தவர். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருக்கும். கேட்க நினைத்தது தொண்டையிலேயே நிற்கும். எதிரெதிரே உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேசுவதற்கு வேறு வழி உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்வேலை வேண்டும், பெரிய ஆள் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதல் வேலை, கேள்வியை எழுதிப் பார்ப்பது. "உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்று ஆரம்பித்தால் அவர் "நன்றி" என்பார், அதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி, யாரிடம் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய இரண்டை அடித்துவிடுங்கள். "பெண்கள் அரசியலுக்கு வரலாமா?" என்பது அப்படி அடிக்க வேண்டிய கேள்வி. இதைப் பாருங்கள்: "தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016 சட்டத் திருத்தத்தில் வந்தது. ஆனால் தலைவர் நாற்காலியில் கணவர் உட்காருகிற ஊர்கள் இன்னும் உண்டு. புதிதாக ஜெயித்த ஒரு பெண் முதல் ஆறு மாதத்தில் எதைக் கையில் எடுத்தால் நிர்வாகம் அவர் கைக்கு வரும்?" உள்ளாட்சியில் வேலை பார்த்த எவரும் இதற்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பதில் சொல்வார். சத்தமாக வாசித்தால் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அரங்கில் மைக் பிடித்துக் கேட்பதானாலும் இதே அளவுதான். அதற்கு மேல் போனால் ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கிவிடுவார்.

கேள்விக்கான சரக்கு எங்கே கிடைக்கும்? மக்களவை உறுப்பினர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயர்வாரியாக இருக்கின்றன. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஒருவர் எதில் உண்மையாக அக்கறை காட்டுகிறார் என்று தெரிந்துவிடும். எழுத்தாளர், ஆய்வாளர் என்றால் அவருடைய ஒரு புத்தகத்தையாவது கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போங்கள். பாதி படித்தவர் முதல் அத்தியாயத்திலேயே சுற்றிச் சுற்றி வருவார். எழுதியவருக்கு அது உடனே தெரியும்.

கூடவே நம் மாவட்டத்தைப் பற்றியும் தெரிந்து வைத்திருங்கள். வெளியூரிலிருந்து வரும் பெண்ணியவாதி, மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பேச்சை எடுத்தால், 1859 ஜூலை 26 அன்று வந்த திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு நாடார் பெண்களுக்கு எதை அனுமதித்தது, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்துவதை எப்படித் தடுத்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். 1957 தேர்தலில் குளச்சலில் ஜெயித்து, காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைக் கவனித்த லூர்தம்மாள் சைமனின் பெயர் நம் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது. வருகிறவரிடம் வாங்கிக்கொள்ள மட்டும் போகாமல், கொடுக்கவும் ஏதாவது எடுத்துப் போங்கள்.

பதவியில் இருப்பவரைப் பார்ப்பது

எம்.எல்.ஏ., எம்.பி., மேயர், அமைச்சர் யாராக இருந்தாலும் கதவைத் திறப்பவர் நேர்முக உதவியாளர், அதாவது பி.ஏ.தான். அவர் மனதில் இரண்டே வரிசை: மனுவோடு வருகிறவர்கள், மற்றவர்கள். போனில் இதை முதலிலேயே தெளிவாக்காவிட்டால் மனு வரிசையில் உங்களை நிறுத்திவிடுவார். அங்கே எழுபது பேருக்குப் பின்னால் நிற்பீர்கள். பேச வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம் அண்ணே. மார்த்தாண்டத்தில இருந்து பேசுறேன், எம்.ஏ. படிக்கேன். மேடத்தைப் பார்க்கணும். மனு ஒண்ணும் இல்ல. உள்ளாட்சிப் பெண்கள் பத்தி மேடம் பேசினதுல ஒரு கேள்வி இருக்கு. பதினஞ்சு நிமிஷம் போதும், நாங்க ரெண்டு பேரு வருவோம். ஆபீசுல எப்ப இருப்பாவ?"

ஊர், வேலை, மனு இல்லை என்பது, நேரம், எத்தனை பேர் என்பது. ஐந்தும் அரை நிமிடத்தில் வந்துவிட வேண்டும். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். நான்கு நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை கூப்பிடுங்கள். தினமும் கூப்பிட்டால் உங்கள் எண் "எடுக்க வேண்டாம்" பட்டியலுக்குப் போய்விடும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். சட்டமன்றம் கூடியிருந்தால் எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார், வார இறுதியில்தான் ஊர்ப்பக்கம் வருவார். வந்தால் கல்யாண வீடுகளுக்கே நேரம் சரியாகிவிடும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் மனுவோடு நாகர்கோவில் வருகிறவர்கள் அப்படியே கட்சி அலுவலகங்களிலும் ஏறி இறங்குவார்கள். கூட்டத்தொடர் இல்லாத வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலை பத்தரைக்கு மேல் கேட்டுப் பாருங்கள். துஷ்டி (சாவு) வீட்டில் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அங்கே அறிமுகம் செய்துகொள்வது யாருக்கும் பிடிக்காது.

மார்ச் 8-ஐத் தவிர்த்துவிடுங்கள். அன்று ஒரு பெண் தலைவருக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி இருக்கும், காருக்குள்தான் சாப்பாடு. முதல்வர் அளவிலான விழாக்களும் இதற்கு உதவாது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடந்த தோள்சீலைப் போராட்ட 200-ஆம் ஆண்டு விழாவில் ஸ்டாலினும் பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள். கேட்பதற்கு அருமையான கூட்டம். சந்திப்பதற்கு இடமே இல்லாத கூட்டம்.

நீங்களே அழைப்பது

எங்களைக் கேட்டால் சிறந்த வழி இதுதான். கல்லூரித் தமிழ்த் துறையோ, வாசகர் வட்டமோ, ஊர் நூலகமோ ஒரு கூட்டம் நடத்தினால், நடத்துகிறவருக்குக் கிடைக்கும் நேரம் பார்வையாளருக்குக் கிடைக்காது. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறுகிறவர் விடியற்காலை நாகர்கோவிலில் இறங்குவார், பெரும்பாலும் அன்று மாலையே திரும்புவார். இடைப்பட்ட பகல் முழுக்க உங்கள் கையில்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஆகவே அழைப்பு எழுபது, எழுபத்தைந்து நாளுக்கு முன் போய்விட வேண்டும், அப்போதுதான் கீழ்ப்படுக்கை கிடைக்கும். அழைப்புக் கடிதம் ஒரே பக்கம்: தலைப்பு, பேச வேண்டிய நேரம், யார் கேட்கப் போகிறார்கள், எத்தனை பேர், போக்குவரத்து, தங்குமிடம், மதிப்பூதியம். கடைசியில் சொன்னதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். எழுத்தையும் பேச்சையும் நம்பி வாழும் ஒரு பெண்ணுக்கு நீங்கள் கேட்பது பயணத்தோடு சேர்த்து இரண்டு நாள் உழைப்பு. தொகை சின்னதாக இருந்தாலும் எண்ணாகவே எழுதுங்கள். "இயன்றதைச் செய்வோம்" என்றால் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

தங்க வைப்பது லாட்ஜிலா, யார் வீட்டிலாவதா என்று அவரிடமே கேளுங்கள். பலருக்கு வீடு என்றால் ஓய்வே இருக்காது, உறவுக்காரர் எல்லாம் பார்க்க வந்துவிடுவார்கள். ஸ்டேஷனுக்கு ஒரு பெண்ணும் போக வேண்டும். அரங்கத்தில் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று முந்தின நாள் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நம் பெருமைதான், ஆனாலும் என்ன சாப்பிடுவார் என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

நிகழ்ச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் மேடைதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, நான்கு வாழ்த்துரை என்று போனால் ஐம்பது நிமிடம் காலி. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவருக்கு இருபது நிமிடம் மிஞ்சும். வரவேற்பு மூன்று நிமிடம், அறிமுகம் நான்கு நிமிடம், வாழ்த்துரை கிடையாது என்று அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பெயர் அச்சான பிறகு யாரையும் குறைக்க முடியாது. பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடியுங்கள். சாப்பாடு, ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு இரண்டரை முதல் நான்கு வரை எட்டுப் பத்துப் பேர் மட்டும், மைக் இல்லாமல், பாயிலோ வட்டமாகப் போட்ட நாற்காலியிலோ. மேடையில் சொல்லாததை அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரில் பாதிக்கு மேல் மாணவிகளாக இருக்கட்டும். மூத்தவர்கள் நிறைந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தை மறந்துவிடாதீர்கள்; நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான். கேரள சட்டமன்ற வளாகத்திலேயே 2023 முதல் நடக்கும் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜனவரியில் வரும். கனகக்குந்நு அரண்மனை வளாகத்தில் இலக்கிய விழாக்கள் நடக்கின்றன. பேச்சு மலையாளத்தில் இருந்தாலும் களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு தடையே இல்லை. அரங்கிலிருந்து வெளியே வரும் வாசலைவிட, புத்தகத்தில் கையெழுத்துப் போடும் மேசை நல்ல இடம். அங்கே அவர் உட்கார்ந்திருப்பார், நீங்கள் வரிசையில் கடைசியாக நிற்கலாம்.

பி.ஏ. இல்லாத தலைவர்கள்

அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் பந்தலில் உட்கார்ந்த பெண்கள், 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு குழித்துறையில் தண்டவாளத்தை மறித்த மீனவக் குடும்பங்களின் பெண்கள்: இவர்களைச் சந்திக்க எந்த அலுவலகமும் இல்லை, ஆனால் முறை உண்டு. ஊரில் தெரிந்த ஒருவர் மூலம் போங்கள்: பங்குக் கோவிலில் வேலை பார்க்கும் சிஸ்டர், சுய உதவிக் குழுத் தலைவி, பள்ளி டீச்சர். காலையில் மீன் விற்கும் நேரத்திலும் ஞாயிறு திருப்பலி நேரத்திலும் போகக் கூடாது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது நேரம் இருக்கும், ஆனால் வீட்டில் பணமுடையும் இருக்கும். உங்களுக்காகக் கடன் வாங்கிச் சாப்பாடு போடுவார்கள் என்பதை நினைத்து, சாப்பாட்டு நேரம் தாண்டிப் போங்கள்.

போகிற அன்று

கால் மணி நேரம் முன்னதாக இருங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று குழப்பம் வரும்: இடதுசாரி இயக்கத்தில் "தோழர்", திராவிடக் கட்சிகளில் "அம்மா" அல்லது "அக்கா", ஆசிரியராக இருந்தவருக்கு "டீச்சர்". பெண்ணிய ஆய்வாளர் பலருக்கு "அம்மா" சங்கடமாக இருக்கும். "தோழர்" அல்லது பெயரோடு "மேடம்" போதும். பொன்னாடை வேண்டாம். தோவாளை மாலையும் வேண்டாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? ஒரு புத்தகம், முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் ஊரும் எழுதி. இனிப்பாக ஏதாவது கொடுக்க ஆசையென்றால் ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும்.

பதிவு செய்வதானால் முதலிலேயே கேளுங்கள். படம் கடைசியில், ஒன்று. அதை வெளியில் போடலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். கட்சிக் கொடி பின்னால் தெரியும் ஒரு படம் அரசு வேலையில் இருக்கும் அப்பாவுக்குத் தொல்லையாகலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்திப்பு அலுவலகத்திலோ அரங்கிலோ பகல் நேரத்தில்தான். கூட ஒருவர் இருக்க வேண்டும், போகும் இடம் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாட்ஜ் அறைக்கு வா, காரில் ஏறு, தனியாக வா என்று தலைவரோ பி.ஏ.வோ கட்சிக்காரரோ யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்ல பெயர் எடுத்தவராக இருந்தாலும், அங்கேயே திரும்பிவிடுங்கள். நீங்கள் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாக ஆகாது. பெண்கள் உதவி எண் 181, காவல்துறை 112.

திரும்பி வந்த இரண்டு நாளுக்குள் மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: எந்தத் தேதியில் சந்தித்தீர்கள், அவர் சொன்னதில் எது மனதில் நின்றது, அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள். "நீங்கள் சொன்னபடி எங்கள் ஊராட்சியின் கடைசி மூன்று கிராமசபைத் தீர்மானங்களின் நகல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது போல. நகல் கையில் கிடைத்ததும் மறுபடி ஒரு வரி. அடுத்த முறை போன் செய்யும்போது பி.ஏ. "எந்த ஊரு?" என்று கேட்க மாட்டார்.