பழைய நிரலாக்க மொழிக்கு எதிர்காலம் உண்டா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் கணக்கீட்டுக்கான மொழியான ஃபோர்ட்ரான் 1957இல் வெளிவந்தது. வணிகக் கணக்குகளுக்கான மொழியான கோபோலின் முதல் வரையறை 1960இல் வந்தது. இரண்டுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று நான் மாணவனாக இருந்தபோதே சொன்னார்கள். இன்றும் அதையேதான் சொல்கிறார்கள். இதற்கிடையே 2023இல் இரண்டு மொழிகளுக்கும் புதிய ஐஎஸ்ஓ தரநிலைகள் வெளியாகியிருக்கின்றன. மறுபுறம், தாங்கள் நேசித்த மொழி அசையாமல் நிற்கும் என்று நம்பி, பத்தே ஆண்டுகளில் கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் மொழியின் வயதையும் பெயரையும் பார்த்தார்களே தவிர, அதில் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரை இன்று யார் திருத்துகிறார்கள், எத்தனை பேர் திருத்துகிறார்கள் என்று பார்க்கவில்லை. ஒரு மொழியின் ஆயுளை நிர்ணயிப்பது அந்தப் பராமரிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. அதை மறைத்துவிடும் தவறுகள் சிலவற்றை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது தரவரிசைப் பட்டியல்களை. அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் டியோபி பட்டியல், மொழியின் பெயரோடு ‘புரோகிராமிங்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுபொறிகளில் தேடினால் எத்தனை பக்கங்கள் கிடைக்கின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டது. எத்தனை நிரல்கள் ஓடுகின்றன, அவை என்ன வேலை செய்கின்றன என்பதற்கும் இந்த எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 2021 ஏப்ரலில் ஃபோர்ட்ரான் அந்தப் பட்டியலின் முதல் 20 இடங்களுக்குள் மீண்டும் நுழைந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு அது 30ஆம் இடத்துக்கும் பின்னால் இருந்தது. அந்த ஓராண்டுக்குள் உலகின் வானிலைக் கணிப்பு மாதிரிகளெல்லாம் புதிதாக ஃபோர்ட்ரானுக்கு மாறிவிடவில்லை. டபிள்யூஆர்எஃப் போன்ற மாதிரிகள் அதற்கு முன்பும் அதில்தான் எழுதப்பட்டிருந்தன, பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்று பாராமல் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன.

பைத்தான் மொழியில் நம்பை என்ற கணித நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, கொண்டு ஒருபடிச் சமன்பாடுகளின் தொகுதி ஒன்றைத் தீர்க்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுதுவது ஒரே வரி. ஆனால் அந்த வரி உள்ளே அழைப்பது லாபாக் நூலகத்தின் வழிமுறையை. லாபாக் 1992இல் ஃபோர்ட்ரானில் வெளிவந்தது. அந்த மாணவரைக் கேட்டால் ஃபோர்ட்ரானைத் தம் வாழ்நாளில் தொட்டதே இல்லை என்பார், அதுவும் அவரளவில் உண்மைதான். எந்தக் கருத்துக்கணிப்பும் அவரை ஃபோர்ட்ரான் பயனராகக் கணக்கில் எடுக்காது. அடித்தளமாகிவிட்ட மொழிகள் இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன.

அடுத்த தவறு, ஒரு மொழியை அதில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட நிரலை வைத்து எடைபோடுவது. இதை நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெப்பப் பரவலைக் கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் 77 நிரல் ஒன்று என் கைக்கு வந்தபோது, அதில் ஒரு கெழுவை மட்டும் மாற்றும்படி கேட்டிருந்தார்கள். மாற்றினேன்; நிரல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது; விடை மட்டும் அபத்தமாக வந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. நிரலை அட்டைகளில் துளையிட்டுப் பதித்த துளையட்டைக் காலத்திலிருந்து வந்த அந்த வடிவத்தில் ஒரு வரியின் முதல் ஐந்து கட்டங்கள் கூற்று எண்ணுக்கும், ஆறாவது கட்டம் தொடர்ச்சிக் குறிக்கும், 7 முதல் 72 வரையிலான கட்டங்கள் கூற்றுக்கும் உரியவை. 72ஐத் தாண்டிய எதையும் கம்பைலர் பொருட்படுத்தாது. நான் எழுதிய 0.0125 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 73, 74ஆம் கட்டங்களில் விழுந்திருந்தன. ஆகவே நிரல் 0.01 என்று எடுத்துக்கொண்டு, தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது.

அன்று நான் ஃபோர்ட்ரானையே சபித்தேன். அது நியாயமற்றது என்று பின்னர்தான் புரிந்தது. கட்டங்களை எண்ணத் தேவையில்லாத எழுத்து வடிவத்தை ஃபோர்ட்ரான் 90 தரநிலையே கொண்டுவந்துவிட்டது. அறிவிக்கப்படாத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண், மற்றவை மெய்யெண் என்று மொழி தானாகவே வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை ‘இம்ப்ளிசிட் நன்’ என்ற ஒரே வரியால் நிறுத்திவிடலாம். அந்த வரியைச் சேர்த்துக் கம்பைல் செய்தபோது, தட்டச்சுப் பிழையால் புதிய மாறிகளாக உருவெடுத்திருந்த இரண்டு பெயர்கள் வெளிப்பட்டன. எத்தனை ஆண்டுகளாக அவை அங்கே இருந்தனவோ! மொழி தன் குறையைத் திருத்திக்கொண்டிருந்தது. நிரலைத் திருத்தத்தான் யாரும் முன்வரவில்லை. ஒரு மொழியைப் பற்றித் தீர்ப்பு எழுதுமுன், அதன் அண்மைத் தரநிலையை ஒட்டி எழுதப்பட்ட நிரல் ஒன்றையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் கருத்தளவில் நிற்கும் தவறுகள். பெரும் பொருள் இழப்பில் கொண்டுபோய் விடும் தவறு ஒன்று உண்டு: மொழி பழையது என்ற ஒரே காரணத்துக்காக, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வேறொரு மொழியில் மாற்றி எழுத முற்படுவது. கோபோலில் எழுதப்பட்ட வட்டிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கோபோலில் ஒரு புலத்தை, அதாவது ஒரு மதிப்பை வைக்கும் இடத்தை, அறிவிக்கும்போதே தசமப் புள்ளிக்கு முன் எத்தனை இலக்கங்கள், பின் எத்தனை இலக்கங்கள் என்று சொல்லிவிடுகிறோம். கணக்கும் தசம முறையிலேயே நடக்கிறது. அதே கணக்கைப் புதிய மொழி ஒன்றின் சாதாரண மிதவைப் புள்ளி எண்களில் எழுதினால், 0.1ஐ இரும முறையில் துல்லியமாகக் குறிக்க இயலாது என்பதால், 0.1உடன் 0.2ஐக் கூட்டும்போது 0.30000000000000004 என்று வரும். இது பலருக்கும் தெரிந்த செய்திதான், புதிய மொழிகளில் இதற்கெனத் தசம வகைகளும் இருக்கின்றன. பலர் கவனிக்கத் தவறுவது அதற்கு அடுத்த படியை. 20ஐ 3ஆல் வகுத்து, இரண்டு தசம இடங்கள் கொண்ட புலத்தில் வைத்தால் கோபோல் 6.66 என்று வெட்டி வைக்கும். கூற்றில் ‘ரவுண்டட்’ என்ற சொல் இருந்தால்தான் 6.67 ஆக்கும். பழைய நிரலில் சில இடங்களில் அந்தச் சொல் இருக்கும், சில இடங்களில் இருக்காது. இல்லாத இடங்களில் அது மறதியா, அன்றைய விதியா என்பதைச் சொல்ல எழுதியவர் இன்று இருக்கமாட்டார். ஆனால் பல ஆண்டுகளாக அச்சாகிவரும் கணக்கு அறிக்கைகள் எல்லாம் அந்த வெட்டலை உள்ளடக்கியவை.

மொழிமாற்றத்துக்குக் கருவிகள் வந்துவிட்டன, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் எழுதும் வேலை குறைந்ததால் சரிபார்க்கும் வேலை குறைந்துவிடவில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு சிறு பகுதியை எடுத்து, பழையதையும் புதியதையும் ஒரே உள்ளீட்டில் பல மாதங்கள் இணையாக ஓடவிட்டு, கடைசி இலக்கம் வரை ஒப்பிட்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். இது மெதுவான வழிதான், ஆனாலும் நான் நம்பிப் பரிந்துரைக்கக்கூடியது இதை மட்டுமே.

இனி, மொழியை நேசிப்பவர்கள் செய்யும் தவறு. “இத்தனை நிரல்கள் இதில் ஓடுகின்றன, இதை யாரால் அசைக்க முடியும்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998இல். அதில் எழுதப்பட்ட அலுவலக மென்பொருள்கள் எண்ணிலடங்காதவை. ஆனால் அந்த மொழிக்கு உரிமையாளர் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே நிறுவனம். 2002இல் வந்த விஷுவல் பேசிக் டாட்நெட் பழைய நிரல்களை அப்படியே ஏற்கவில்லை. 2008 ஏப்ரலில் பழைய பதிப்பின் நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவும் நின்றுபோனது. எழுதி வைத்த மென்பொருள்கள் விண்டோசில் தொடர்ந்து ஓடின, எனினும் மொழியை வளர்க்க ஒருவரும் இல்லாமல் போனார்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் கதை இன்னும் கடுமையானது: உலாவியில் அசைபடங்களை ஓட்டி, அதைத் தாங்கி நின்ற ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தபோது, இணையத்தில் அந்த மொழிக்கு நிற்க இடமே இல்லை. இவற்றோடு ஒப்பிட்டால் ஃபோர்ட்ரானின் நிலை வேறு. குனு, எல்எல்விஎம் ஆகிய திறமூலத் திட்டங்கள், இன்டெல், என்விடியா ஆகிய நிறுவனங்கள் எனப் பல தரப்பினர் அதற்குக் கம்பைலர்களைத் தருகிறார்கள். ஒருவர் விலகினால் மொழி சாயாது.

அதற்காக ஃபோர்ட்ரான்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லமாட்டேன். பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையில் இருந்த பழைய ஃபோர்ட்ரான் 77 நிரல்கள் பல அண்மை ஆண்டுகளில் சி மொழிக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. வேகக் குறைவு அதற்குக் காரணமில்லை. பழைய பாணி நிரலைப் படித்துத் திருத்த ஆள் கிடைப்பது அரிதாகியிருந்தது, எல்லா இயங்குதளங்களிலும் ஃபோர்ட்ரான் கம்பைலரை வைத்துக் கட்டுவதும் சுமையாக இருந்தது. பராமரிப்பவர் குறைந்தால் அடித்தளமும் பெயர்த்தெடுக்கப்படும் என்பதற்கு இது சாட்சி.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. பெர்ல் மொழியின் அடுத்த பதிப்பாக பெர்ல் 6 என்ற திட்டம் 2000இல் அறிவிக்கப்பட்டு, முதல் நிலைப்பதிப்பு வெளிவரவே 2015 டிசம்பர் ஆயிற்று. 2019இல் அதன் பெயர் ராக்கு என்று மாறியது. இடைப்பட்ட காலத்தில், ஐந்துக்கு அடுத்த ஆறு வரவில்லை என்பதால் பெர்ல் நின்றுவிட்டது என்று பலரும் முடிவுகட்டினார்கள். ஆனால் பெர்ல் 5 அப்போதும் புதிய பதிப்புகளோடு வெளிவந்துகொண்டிருந்தது, இன்றும் வருகிறது. பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. பதிப்புக் குறிப்புகளைத் திறந்து கடைசித் தேதியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கற்க நினைப்பவர்கள் செய்யும் தவறு, மொழியின் எதிர்காலத்தையும் தம் எதிர்காலத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. மொழி இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கலாம், உங்கள் ஊரில் அதற்கு ஒரு வேலைகூட இல்லாமலும் போகலாம். இன்னொன்று, இலக்கணத்தை மட்டும் கற்றுக்கொண்டு வேலைக்கு ஆயத்தமாகிவிட்டதாக எண்ணுவது. கோபோலின் இலக்கணத்தைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மெயின்பிரேம் எனும் பெருங்கணினியில் வேலைகளை ஓடவிடும் ஜேசிஎல், பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ், டிபி2 தரவுத்தளம் ஆகியவற்றில் கை படிய ஆண்டுகள் ஆகும். ஃபோர்ட்ரானும் அப்படித்தான், எண்சார் கணிதம் தெரியாமல் அதில் நெடுந்தூரம் போக முடியாது. என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி, அவர்கள் நுழைய விரும்பும் துறையில் ஓடும் உண்மையான நிரல் ஒன்றை, கிடைத்தால் திறமூல நிரலாகவே, எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, விடை ஏன் அப்படி மாறியது என்று எழுதிக்காட்டுவது.