ஃபைபர் லேசர்ல பீம் சரியில்லையா? மலைநாட்டுல மிசின் வச்சிருக்கிறவங்க எங்கேருந்து பாக்கணும்

நேத்து சுத்தமா வெட்டுன அதே 6 மில்லிமீட்டர் தகடு இன்னைக்கு அடியில கசடு ஒட்டிக்கிட்டு பிரிய மாட்டேங்குதுன்னா, உடனே "லேசரை உண்டாக்குற சோர்ஸ் பெட்டி போச்சு"ன்னு முடிவு பண்ணி கொழும்புக்கு கோல் எடுக்கிறாங்க. ட்ரையர் தட்டு, ரோலர் பார்ட்ஸ்னு தேயிலை ஃபெக்டரி வேலை எடுக்கிற கராஜ்கள்ல இது அடிக்கடி நடக்குது. முக்காவாசி நேரம் சோர்ஸ்ல ஒண்ணும் இருக்காது. வெளிய இருக்கிற கண்ணாடியில தொடங்கி எயார், தண்ணி, கேபிள்னு உள்ள போங்க, ஃபைபரைக் கடைசியா தொடுங்க.

முதல்ல எதை எதிர்பார்க்கலாம்னு தெரிஞ்சுக்கணும். பீமோட தரத்தை எம் ஸ்கொயர்னு சொல்லுவாங்க, 1 தான் உச்சம், அதுக்குக் கீழ போகாது. பீம் ரொம்ப ஒடுங்குற இடத்துல, அதாவது இடுப்புல, அதோட ஆரத்தையும் அது விரியிற அரைக்கோணத்தையும் பெருக்குனா வர்றது பிபிபி (பீம் பராமீட்டர் புரொடக்ட்), 1080 நானோமீட்டர்ல எம் ஸ்கொயர் 1ன்னா 0.34 மில்லிமீட்டர் மில்லிரேடியன். சோர்ஸ்லேருந்து ஹெட்டுக்கு ஒளியைக் கொண்டு போற டெலிவரி கேபிள் 50 மைக்ரோன்னா பிபிபி சுமார் 2 வரும், 100 மைக்ரோன்னா சுமார் 4. லென்ஸ் மாத்தியோ ஹெட் மாத்தியோ இந்த நம்பரை யாராலயும் குறைக்க முடியாது, கெடாம பாத்துக்கத்தான் முடியும், அதனால 100 மைக்ரோன் கேபிள் உள்ள மிசினை வாங்கிட்டு சிங்கிள் மோட் (எம் ஸ்கொயர் 1 கிட்ட உள்ள) மிசின் மாதிரி வெட்டலைன்னு சண்டை போடுறதுல அர்த்தமில்ல.

மிசின் போட்ட கையோட ஒரு துண்டு வெட்டுங்க, பத்து நிமிசம் வேலை செஞ்ச பிறகு அதே செட்டிங்ல இன்னொண்ணு வெட்டுங்க. முதல் துண்டு நல்லாருந்து ரெண்டாவது கெட்டுப்போனா எங்கயோ கண்ணாடி சூடாகுது. ரெண்டுமே கெட்டிருந்தா சென்டரையும் போகஸையும் பாருங்க: நொசில் வாயில மாஸ்கிங் டேப் ஒட்டி சின்ன பவர்ல ஒரு ஷொட், ஓட்டை நடுவுல விழுதான்னு. கண்ணாடி சூடுன்னா முதல் சந்தேகம் லென்ஸுக்குக் கீழ தெறிப்பைத் தடுக்கிற புரொடெக்டிவ் விண்டோ மேல தான். அதுல ஒட்டுற ஒரு புள்ளி அழுக்கு லேசரை உறிஞ்சும், அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆகிரும், போகஸ் மேல ஏறிக்கும், பீமும் கோணலாகும். கழட்டி டோர்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, நேரா பாத்தா தெரியாதது சாய்வா பாத்தா தெரியும். வாயால ஊதவே ஊதாதீங்க, எச்சில் ஒரு துளி போதும். தூசி இல்லாத இடத்துல ஐசோபுரோபைல் அல்கஹோல், பஞ்சு உதிராத துணி. கருப்பாயிருந்தா துடைச்சுக்கிட்டு நிக்காம மாத்திருங்க.

நைட்ரஜன் சிலிண்டரை மலைக்கு ஏத்துற செலவைப் பாத்து நிறைய பேரு எயார்லயே வெட்டுறாங்க, அது பிழையில்ல. ஆனா ஜூன், ஜூலையில கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் அடிக்கிற மழையில கொம்பிரசர் உறிஞ்சுறது பாதி தண்ணி தான். ட்ரையரும் எண்ணெய் ஃபில்டரும் இல்லாட்டி அந்த ஈரம் நேரா விண்டோவுல போய் உக்காரும். நொசிலுக்குக் கீழ ஒரு சின்ன சுத்தமான கண்ணாடித் துண்டைப் பிடிச்சு லேசர் இல்லாம எயாரை மட்டும் ஒரு நிமிசம் விடுங்க, மங்குச்சுன்னா வெட்டாதீங்க.

இப்ப சில்லர், அதாவது மிசினைக் குளிராக்க தண்ணி ஓட்டுற பெட்டி. இதைத்தான் எல்லாரும் கவனிக்காம விடுறாங்க. "குளிரா ஓடுனா மிசினுக்கு நல்லது"ன்னு தண்ணியை 20க்கு இறக்கி வைக்கிறவங்க இருக்காங்க, கண்டியில 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னா பனிநிலை கிட்டத்தட்ட 25 டிகிரி, அதுக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்புலயும் வேர்க்கும், கனெக்டர்ல, டயோட் பிளேட்ல, ஹெட்டுக்குள்ள எல்லாம். நுவரெலியாவுல கதை வேற. 20 டிகிரியும் 90 சதவீதமும்னா பனிநிலை சுமார் 18 தான், அங்க 25ல தண்ணி ஓடுனா வேர்க்காது. அங்க ஆபத்து காலையில தான். ஜனவரி, பெப்ரவரியில துகள் உறைபனி விழுற ராத்திரி முழுக்க இரும்பு குளிர்ந்து கிடக்கும், விடிஞ்சு கதவைத் திறந்ததும் ஈரக்காத்து உள்ள வந்து அதுல படியும். அதனால கெபினட் கதவை மூடியே வைங்க, லேசரை ஓன் பண்ணாம சில்லரை மட்டும் ஓட விட்டு தண்ணி செட் பண்ண அளவுக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்க. இருபது ரூவா சாமான் மாதிரி தெரியிற ஒரு ஈரப்பத மீட்டரை ஷெட்டுல மாட்டி வச்சா, இந்த விசயத்துல ஊகிக்கிற வேலையே இல்ல.

தண்ணி ஏறி இறங்கக்கூடாதுங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஃபைபருக்குள்ள ஒளியை ஏத்துற பம்ப் டயோடோட அலைநீளம் டிகிரிக்கு சுமார் 0.3 நானோமீட்டர் நகரும், ஃபைபர்ல கலந்திருக்கிற இட்டர்பியம் 976 நானோமீட்டர்ல உறிஞ்சுற முகடு ரொம்ப ஒடுக்கம், அலைநீளத்தை லொக் பண்ணாத டயோடுன்னா ரெண்டு மூணு டிகிரி மாறுனாலே ஃபைபருக்குள்ள சூடு விழுற இடம் மாறிரும்.

கேபிளைப் பத்தி பெருசா இல்ல: கையேட்டுல சொன்ன ஆரத்தை விட இறுக்கமா வளைக்காதீங்க, கனெக்டரைக் கழட்டுனா மூடி போடாம ஒரு நிமிசமும் வைக்காதீங்க.

இனி வர்றது சோர்ஸ் கட்டுறவங்களுக்கும் லேப்ல ப்ரொஜெக்ட் செய்யிற தம்பி தங்கச்சிகளுக்கும். வாரண்டி உள்ள பெட்டியைத் திறக்காதீங்க. 1080 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் எடுத்துரும், அந்த அலைநீளத்துக்கு ஓடி (ஒளியைத் தடுக்கிற அளவு) 6க்குக் குறையாத பாதுகாப்புக் கண்ணாடி போடாம பக்கத்துல நிக்க வேணாம்.

20/400 ஃபைபர் (கோர் 20 மைக்ரோன், சுத்தியுள்ள கிளாடிங் 400), ஒளியை ஏத்துக்கிற கோணத்தைக் காட்டுற என்ஏ 0.06ன்னு வைங்க. ஒளி எத்தனை வடிவத்துல (மோட்) உள்ள ஓடும்னு சொல்ற வி நம்பர் கிட்டத்தட்ட 3.5 வரும், சிங்கிள் மோடுக்கு 2.405க்குக் கீழ வேணும், அப்ப அடிப்படை மோடான எல்பி 01 கூட அடுத்த மோடான எல்பி 11ம் உள்ள இடம் பிடிச்சிரும். அதை வெளியேத்துற பழைய வித்தை சுருட்டுறது. கடுகண்ணாவ வளைவுல பஸ் திரும்பும்போது ஃபுட்போட்ல தொங்குறவன் தான் முதல்ல விழுவான், உள்ள சீட்டுல இருக்கிறவன் ஆட்டம் கண்டாலும் இருப்பான், அதே கணக்கு தான். 2000ல கோப்லோ, கிளைனர், கோல்ட்பர்க் மூணு பேரும் 25 மைக்ரோன் கோர் மல்டிமோட் ஃபைபரைச் சுருட்டியே எம் ஸ்கொயர் 1.09க்குக் கொண்டு வந்தாங்க. நீங்க 12 சென்டிமீட்டர் விட்டம் பக்கம் தொடங்கி கொஞ்சங்கொஞ்சமா இறுக்குங்க, பவரையும் எம் ஸ்கொயரையும் ஒண்ணா பாருங்க, பவர் விழத் தொடங்குனா ஒரு படி பின்னால வாங்க. சுருளை தண்ணி ஓடுற அலுமினியத் தட்டுல வெட்டுன காடிக்குள்ள பதிச்சு வைங்க. ரெண்டு ஃபைபரை ஒட்டுற ஸ்ப்ளைஸ் கோணலா இருந்தா எல்பி 11 அங்கேயே பிறந்துரும், சுருள் என்ன செஞ்சும் முழுசா போகாது, அதனால ஃபைபர் முனையை வெட்டுற கிளீவ் கோணம் அரை டிகிரிக்குள்ள வரலைன்னா திரும்ப வெட்டுங்க. ஸ்ப்ளைஸை தேர்மல் கெமராவுல பாத்துட்டு தான் பவர் ஏத்தணும்.

எம் ஸ்கொயரை அளக்கிறது ஐஎஸ்ஓ 11146 தரப்படி. குறைஞ்சது 10 இடம், அதுல பாதி இடம் இடுப்புலேருந்து ஒரு ரேலி நீளத்துக்குள்ள (பீமோட பரப்பு ரெண்டு மடங்காகிற தூரம்), மிச்சம் ரெண்டு ரேலி நீளத்துக்கு அப்பால. பவரைக் குறைக்க ஆப்பு மாதிரி சாய்ஞ்ச வெட்ஜ் கண்ணாடி வைங்க, சூடாகிற ஃபில்டர் வச்சா ஃபில்டரோட எம் ஸ்கொயரைத்தான் அளப்பீங்க. அந்த நம்பரை முழுசா நம்பவும் வேணாம், எல்பி 11 30 சதவீதம் வரை கலந்திருந்தும் 1.1க்குக் கீழ காட்டலாம். பீம் அங்க இங்க அசையுதான்னும் பாக்கணும்.

பவர் ஏத்தும்போது ஒரு அளவுல பீம் திடீர்னு கிலோஹெர்ட்ஸ் வேகத்துல துடிச்சா அது டிஎம்ஐ, மோடுகளுக்குள்ள பவர் தாவுற நிலையின்மை. காரணம் சூடு: 976ல ஏத்தி 1080ல எடுத்தா சுமார் 10 சதவீதம் சூடாகவே போகுது, 1018ல ஏத்துனா 6 சதவீதம் தான். பின்பக்கமா பம்ப் பண்றது, ரெண்டு பக்கமும் பம்ப் பண்றது, சுருளை இறுக்குறது எல்லாம் அந்த எல்லையை மேல தள்ளும். 915ல பம்ப் பண்ணாலும் உயரும், ஆனா உறிஞ்சல் குறைவுங்கிறதால ஃபைபர் நீளமாகும், நீளமானா ராமன் சிதறல் (ஒளி நீள அலைநீளத்துக்கு நழுவுறது) தலை தூக்கும், ஸ்பெக்ட்ரம்ல 1135 பக்கம் முளைக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. ஒரு போட்டோடயோடை ஒசிலோஸ்கோப்ல போட்டு துடிப்பு தொடங்குற பவரை மாசாமாசம் குறிச்சு வைங்க. அது மெல்ல மெல்ல கீழ இறங்கிக்கிட்டே வந்தா ஃபைபர் ஒளிபட்டு கருக்குதுன்னு சந்தேகப்படுங்க, அப்ப சுருளை எத்தனை தரம் மாத்திச் சுத்துனாலும் சரிவராது, புது ஃபைபர் தான்.