பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கும் முன் சோதனைப் பதிவைப் படியுங்கள்

பழைய எலெக்ட்ரிக் கார் பார்க்கிறீர்களா? கடைசியாக எடுத்த தகுதிச் சோதனைச் சான்றிதழோடு திருப்தி அடையாமல், முந்தைய சோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு எங்காவது குறைந்திருந்தாலோ, நடுவில் ஒரு சோதனை விடுபட்டிருந்தாலோ காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

பிரேக் பற்றிய குறிப்பை நிதானமாகப் படியுங்கள். இந்தக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்துவிடும். அதனால் பேட் மெதுவாகத் தேயும். ஆனால் அதிகம் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். அறிக்கைக்கு அறிக்கை துரு என்றே எழுதியிருந்தால், யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பேட்டரியின் எடையால் டயரும் சஸ்பென்ஷனும் கூடுதலாக உழைக்கின்றன, அவற்றையும் பாருங்கள். அடிப்பக்கம் அடிபட்டதாகக் குறிப்பு இருந்தால், மெக்கானிக் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் பேட்டரி இருப்பது அங்கேதான்.

அப்புறம், இது முக்கியம்: வழக்கமான தகுதிச் சோதனையில் பேட்டரி எவ்வளவு திறன் இழந்திருக்கிறது என்று பொதுவாக அளப்பதில்லை. பேட்டரியின் ஸ்டேட் ஆஃப் ஹெல்த் அறிக்கையை, அதாவது புதிதாக இருந்தபோதைய திறனில் இப்போது எவ்வளவு மீதி என்று காட்டும் அறிக்கையை, தனியாகக் கேளுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகின்றன, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு. மீதி எவ்வளவு, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் வேலை (குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துச் செய்வது) ஏதும் பாக்கி இருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேட்டுவிடலாம்.