முதல் டிரம் செட்: பணத்தை எதில் போடுவது?

கடைக்குள் நுழைந்ததும் கண்ணைப் பறிப்பது டிரம்களின் நிறம்தான். ஐந்து டிரம், சிம்பல்கள் எனும் உலோகத் தட்டுகள், அவற்றைத் தாங்கும் ஸ்டாண்டுகள், பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல், ஸ்டூல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஓராண்டுக்குள் சிம்பல்கள் அத்தனையும் போயின, ஸ்டூலும் போயிற்று. டிரம்கள் மட்டும் இன்றும் என்னிடம் இருக்கின்றன, நன்றாகவே ஒலிக்கின்றன. அதனால் என் வரிசை வேறு: முதலில் ஸ்டூலும் பெடலும், அடுத்து சிம்பல், கடைசியில்தான் டிரம்.

முதல் படி: உட்கார்ந்து பாருங்கள்

கடையிலேயே பத்து நிமிடம் ஸ்டூலில் உட்காருங்கள். தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் முதுகு வலிக்கும். உட்கார்ந்து அசையும்போது ஸ்டூல் ஆடினால் வேண்டாம். சங்கிலி வைத்த ஒற்றைப் பெடல் போதும். யமஹா, டாமா, பேர்ல் ஆகியவற்றின் சாதாரண பெடல்களே பல ஆண்டுகள் உழைக்கும். இரட்டைப் பெடலை முதல் ஆண்டில் வாங்காதீர்கள். ஒரு காலே இன்னும் பழகியிருக்காது.

இரண்டாம் படி: பித்தளையா, வெண்கலமா?

சிம்பலை எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பித்தளைச் சொம்பைத் தட்டினால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். நாகஸ்வரக் கச்சேரியில் போடும் வெண்கலத் தாளத்துக்கோ கார்வை உண்டு. சிம்பலிலும் அதே வித்தியாசம்தான். மிகக் குறைந்த விலை செட்டுகளோடு வருபவை பெரும்பாலும் பித்தளை. அதற்கு மேலே பி8 என்ற வெண்கலம்: 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். பி20 என்றால் செம்பு 80, வெள்ளீயம் 20. விலையும் அதற்கேற்ப ஏறும். 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஸில்ஜியன் என்ற சிம்பல் நிறுவனம் பெயர்பெற்றது இந்தச் செம்பு, வெள்ளீயக் கலவையால்தான்.

தொடக்கத்துக்கு பி8 போதும் என்பது என் உறுதியான கருத்து. அது மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேடைக் கலைஞர்கள் பலர் வாசிக்கும் பைஸ்டே 2002 வரிசையும் பி8தான். பணம் குறைவாக இருந்தால் 14 அங்குல ஹை-ஹாட்டை, அதாவது காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடியை, மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் குச்சி அதன்மேல்தான் இருக்கும். தாளத்தைத் தொடர்ந்து பிடிக்கும் 20 அங்குல ரைடும், அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் 16 அங்குல கிராஷும் பிறகு வரலாம்.

மூன்றாம் படி: ஸ்டாண்டின் உச்சியைப் பாருங்கள்

என் முதல் கிராஷ் நான்காம் மாதமே விரிசல் விட்டது. பலமாக அடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கழற்றிப் பார்த்தபோது வட்டமாக இருக்க வேண்டிய நடுத்துளை ஒரு பக்கம் நீண்டு, சாவித்துவாரம் போல ஆகியிருந்தது. அந்த நீண்ட முனையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு ஓடியது.

காரணம், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் குழல். ஸ்டாண்டின் உச்சியில் மரை வெட்டிய இரும்புத் தண்டு இருக்கும். அதன்மேல் இந்தக் குழலைச் செருகி, கீழே ஒரு ஃபெல்ட் வட்டு, அதன்மேல் சிம்பல், மேலே இன்னொரு ஃபெல்ட், கடைசியில் விங் நட் என்று அடுக்க வேண்டும். எனக்கு வந்த ஸ்டாண்டில் குழலே இல்லை. இரும்பு மரை ஒவ்வோர் அடிக்கும் அரம் போலச் சிம்பலை அராவியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆடாமல் இருக்கட்டும் என்று நட்டை இறுக்கியும் வைத்திருந்தேன். சிம்பல் ஆட வேண்டும். அடித்ததும் தாராளமாக அசைந்து அடங்கும் அளவுக்கு நட்டைத் தளர்த்தி வையுங்கள். குழல்கள் மிக மலிவு. நான்கைந்து கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டின் கால்கள் இரட்டைப் பட்டையாக இருக்கட்டும். கை நீட்டிய பூம் ஸ்டாண்ட் என்றால், மூன்று கால்களில் ஒன்று அந்தக் கைக்கு நேர் கீழே வரும்படி திருப்பி வைத்தால் கவிழாது.

நான்காம் படி: டிரம்கள்

காலால் அடிக்கும் பெரிய டிரம்தான் பேஸ் டிரம்; அதில் 22 அங்குலம் ராக் இசைக்குப் பொருந்தும். அறை சிறியது என்றால் 20 அங்குலம் போதும். அடியில் கம்பிச் சுருள்கள் வைத்த ஸ்னேர் டிரம் 14 அங்குலம். மரம் பாப்லரா, பிர்ச்சா, மேப்பிளா என்ற விவாதத்தில் இப்போதே இறங்க வேண்டாம். பாப்லர் டிரம்முக்கு ரெமோ அல்லது எவான்ஸ் ஹெட் (டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் தோல்) போட்டுச் சுருதி சேர்த்தால் ஒலி அடியோடு மாறிவிடும். மிருதங்கத்தைச் சுற்றிவரத் தட்டிச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கல்லுக்குப் பதில், விளிம்பிலுள்ள திருகுகளைத் திருப்பும் டிரம் கீ, அவ்வளவுதான். ஒரு திருகைத் திருப்பியதும் பக்கத்துத் திருகுக்குப் போகாமல் எதிர்த் திருகுக்குப் போங்கள். ஒவ்வொரு திருகின் அருகிலும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, ஒரே சுருதி வரும்வரை சுற்றுங்கள்.

பழைய டிரம் வாங்குகிறவர்கள் ஹெட்டுகளைக் கழற்றச் சொல்லி, டிரம்மைச் சமையல் மேடைக் கிரானைட் போன்ற சமதளத்தில் கவிழ்த்து, உள்ளே மொபைல் விளக்கை எரியவிட்டு, அறை விளக்கை அணையுங்கள். மேல் வாயை அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். அடி விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் அங்கே விளிம்பு தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. அந்த டிரம் சுருதி நிற்காது. மறுமுனையையும் இப்படியே பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசிக்க வாசிக்க பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். டைல்ஸ் தரையில் அப்படித்தான் ஆகும். ஒரு கனமான பவானி ஜமக்காளத்தை விரித்து, பேஸ் டிரம்மின் முன்கால்களில் இருக்கும் கூர்முனைகளை வெளியே திருகி அதன்மேல் ஊன்றுங்கள். ஸ்டூலும் அதே ஜமக்காளத்தின் மேல் இருக்க வேண்டும். உங்கள் எடைதான் அதைப் பிடித்து நிறுத்தும்.